மூணாவது பாட்டின் வேகம்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்குங்க சார். தப்பா நினைக்காதீங்க, பையில ரிக்கார்டு இருக்கு. இசைத்தட்டு. பெரிய தோசைக்கல் அளவு இருக்கும், ஆனா ஒரு மிதி மிதிச்சா போச்சு. கொண்டை ஊசி வளைவு வந்தா நாம எல்லாருமே ஒரே பக்கமா சாய்வோம், அதான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். மேல வைங்கன்னுதான் கண்டக்டர் சொன்னார். மேல வச்சா அட்டகட்டி வர்றதுக்குள்ள யாரோட பலாப்பழமாவது இது மேல ஏறி உட்கார்ந்துக்கும். என் மடியிலயே இருக்கட்டும்.

அதோ, டிரைவருக்குப் பின்னாடி, ஜன்னலோரம், மெரூன் சால்வை போர்த்தியிருக்கு பாருங்க. அதுதான் என் சம்சாரம், பியூலா. மலை இறங்கறப்போ அவளுக்கு வாந்தி வரும், அதனால முன் சீட்டு. இன்னிக்குக் கோயம்புத்தூர்ல அவளுக்குக் கூட்டம். நிஜமாத்தான் சார். பழைய ரிக்கார்டு சேர்க்கிறவங்க சங்கம் ஒண்ணு இருக்காம், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கூடி உட்கார்ந்து பாட்டுக் கேப்பாங்களாம். அதுக்கு அவதான் சிறப்பு விருந்தாளி. நான் பை தூக்கிட்டுப் போறவன். கரண்ட் கொடுத்தவன் நான், மெஷின் ஓட்டினவன் நான், மாலை அவளுக்கு. இருக்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு.

பொள்ளாச்சி வரைக்கும்தானே? அப்ப நேரம் இருக்கு. சொல்றேன் கேளுங்க.

என் பேரு ஞானையா. வால்பாறைக்கு மேல கருங்குன்னி எஸ்டேட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, இப்பக் கைமாறிப் பேரும் மாறிப் போச்சு. அங்க அந்தக் காலத்துல வெளிக் கரண்ட் கிடையாது. ஆத்தைத் தடுத்து, குழாய் வழியாத் தண்ணியை இறக்கி, டர்பைன் ஓட்டி, எஸ்டேட்டே தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கும். அந்த பவர் ஹவுஸுக்கு நான்தான் பொறுப்பு. தேயிலை ஃபேக்டரி, துரை பங்களா, ஆஸ்பத்திரி, எங்க குவார்ட்டர்ஸ், கொழுந்து பறிக்கிறவங்க இருக்கற பாடி வீடுங்க, அத்தனைக்கும் ஒரே மெஷின். என் கரண்ட் ஒரு நாள் குறைஞ்சதுன்னு யாரும் சொன்னதில்ல. சொன்னாங்க, சொல்லாம இல்ல. சொல்றவங்க என்ன வேணா சொல்வாங்க. ஆனா என்கிட்ட மீட்டர் இருந்துச்சு. அதுல ஒரு சிவப்புக் கோடு. முள்ளு அந்தக் கோட்டுக்கு நேரா நிக்கும், நின்னா நின்னதுதான். ஃபேக்டரியில எல்லா ரோலரும் ஓடினாலும் அதே இடம். சாயங்காலம் எல்லா வீட்டு பல்பும் ஒண்ணா எரிஞ்சாலும் அதே இடம். மழைக்கு முன்னாடி மெஷினை நிறுத்திக் கழுவுவோம், அன்னிக்குக்கூட அந்த முள்ளு இறங்காது சார். அப்பேர்ப்பட்ட மீட்டர். இங்கிலாந்து சரக்கு.

பாடி வீடுங்கள்ல பொழுது சாஞ்சா அரிக்கேன் ஏத்திடுவாங்க. பல்பு எரியறப்போவே ஏத்துவாங்க. எங்க வீட்டுலயும் பியூலா ஏத்துவா. மேல பல்பு, அதுக்கு நேர் கீழ அரிக்கேன். எதுக்கு பியூலான்னு கேட்டா, கண்ணுக்கு இதமா இருக்கு அத்தான்னு சொல்லுவா. சின்ன வயசுப் பழக்கம், சட்டுனு விடாதில்ல.

அவ பாளையங்கோட்டை. கான்வென்ட்ல படிச்சவ. இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. எழுபதுகள்ல கல்யாணம் ஆகி மலைக்குக் கூட்டிட்டு வந்தேன். அஞ்சு மணிக்கெல்லாம் மூடுபனி வீட்டுக்குள்ள வந்துடும். நான் அந்த நேரத்துக்குத்தான் டியூட்டிக்குக் கிளம்புவேன், திரும்பி வர்றப்போ ஊர் அடங்கியிருக்கும். பக்கத்து வீட்டுல ஒரு கிளார்க், அவருக்குக் குடும்பம் கிடையாது. பேச ஆள் இல்ல. ஆனா ஒரு நாளும் குறை சொன்னதில்ல சார். அதனால அவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

கடைசி வெள்ளைக்கார துரை ஊருக்குப் போறப்போ சாமான்லாம் வித்தார். மத்தவங்க மேஜையும் கட்டிலும் வாங்கினாங்க. நான் ரேடியோவும், ஸ்பூல் டேப் ரிக்கார்டரும் வாங்கினேன். ஸ்பூல் தெரியுமில்ல? ரெண்டு சக்கரம் சுத்தும், நடுவுல நாடா ஓடும். எனக்கு ராக் பாட்டுன்னா உயிர். கேக்க நேரம் கிடைச்சதில்ல, ஆனா உயிர். சாயங்காலம் நான் டர்பைன்கிட்ட இருப்பேன், வீட்டுல பியூலா லண்டனைத் திருப்பி வச்சுக் கேட்டுட்டு இருப்பா. சிற்றலையில வரும், அலை மாதிரி ஏறும் இறங்கும், நடுவுல சைனாக்காரன் பேசுவான். அதையெல்லாம் தள்ளிட்டுக் கேப்பா.

அப்ப ஒரு வழக்கம் இருந்துச்சு. ரேடியோக்காரங்க பாட்டுக் குழுவை ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவாங்க. வந்து, ஒரு மத்தியானத்துல மூணு பாட்டு, நாலு பாட்டு, நேரா வாசிச்சுட்டுப் போகணும். கடையில விக்கிற ரிக்கார்டுல இருக்கற மாதிரி இழைச்சு இழைச்சுப் பண்ணினது இல்ல, அன்னிக்கு வாசிச்சது அன்னிக்கு. ரேடியோவுக்குன்னே வாசிச்சது. செஷன்னு சொல்வாங்க. இப்ப என்னடான்னா, அந்தப் பழைய செஷனையெல்லாம் தேடித் தேடி எடுத்து, சின்னச் சின்னக் கம்பெனிங்க புதுசா ரிக்கார்டு போடறாங்க. வாங்கறதுக்கு வரிசையில நிக்கிறாங்களாம்.

காப்பர் ஹெரன்ஸ்னு ஒரு குழு. செம்பு நாரைகள்னு வச்சுக்குங்களேன். நாலு பேரு. பெரிய ஆளா வர்றதுக்குள்ள சண்டை போட்டுக் கலைஞ்சுட்டாங்க. அவங்க செஷன் ஒரு நாள் சாயங்காலம் வந்துச்சு. பியூலா டேப்பைப் போட்டுப் பதிஞ்சு வச்சா. நாலு பாட்டு. எந்த பட்டனை அமுக்கணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் போட்டுக் கேட்டேன். அடடா. சும்மா துள்ளுது சார். அதுலயும் அந்த மூணாவது பாட்டு இருக்கே, உட்கார்ந்திருக்கிறவன் எழுந்திருச்சுடுவான். ஞாயித்துக்கிழமை ஃபேக்டரி லீவு, மெஷினுக்குச் சுமை கிடையாது, குஷியா ஓடும். பாட்டும் குஷியா ஓடும். நான் பக்கத்து வீட்டுக் கிளார்க்கைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அப்புறம் எஸ்டேட் மாரியம்மன் நோன்பு வந்துச்சு. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், ஆனா மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் என்னை விட்டா ஆள் ஏது? மூணு நாள் ஃபேக்டரி லீவு. கோயில் முன்னாடி குழாய் ஸ்பீக்கர்ல அந்த மூணாவது பாட்டைப் போட்டேன். பாடியில இருக்கற பொம்பளைங்க மொத்தமும் வட்டமா நின்னு கும்மி அடிச்சாங்க. வெள்ளைக்காரன் பாட்டுக்குக் கும்மி. கங்காணி வீட்டு அம்மா மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் நோன்புக்கு அந்தப் பாட்டு உண்டு. கும்மிப் பாட்டு போடுங்கண்ணேன்னு கேட்டு வாங்குவாங்க.

பியூலா மட்டும் கும்மிக்கு வர மாட்டா. ஓரமா நின்னு ஒரு மாதிரி பார்த்துட்டு இருப்பா. "இது மெதுவான பாட்டு அத்தான். அந்த ஆளு அழுகையை அடக்கிட்டுப் பாடினார்"ன்னு சொல்லுவா. அழறவன் எதுக்குடி இந்த ஓட்டம் ஓடறான்னு நான் கேப்பேன். அதுக்கு அவ சொன்ன பதிலைக் கேளுங்க. நான் டியூட்டிக்குப் போனப்புறம் சாயங்காலம் டேப்பைப் போட்டா சரியாப் பாடுதாம், நான் வீட்டுல இருக்கறப்போ போட்டா மட்டும் அவசரப்படுதாம். எப்படி இருக்கு? டேப்புக்குக்கூட என்னைக் கண்டா பயம்னு குத்திக் காட்டறாளாக்கும்னு நினைச்சு நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். பொம்பளைங்க ஜாடையாப் பேசறதுக்கெல்லாம் நாம அர்த்தம் தேடிட்டு இருக்க முடியுமா சார்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். போன வருஷம் எங்க மக ஜெமிமா, கோயம்புத்தூர்ல இருக்கா, ஏதோ கம்ப்யூட்டர்ல பார்த்திருக்கா. இங்கிலாந்துல ஹார்லண்டுன்னு ஒருத்தர். அவர்தான் இந்த மாதிரி செஷனையெல்லாம் ரிக்கார்டா போடற ஆளு. செம்பு நாரைகள் செஷன் யார்கிட்டயாவது இருக்கான்னு உலகம் பூரா கேட்டுட்டு இருந்திருக்கார். மூல டேப் எங்கயும் இல்லையாம். குழுவுல உயிரோட இருக்கற டிரம்காரர்கிட்டயும் இல்லையாம். ஜெமி எங்க ஸ்பூலைக் கேட்டு வாங்கி, பிரதி எடுத்து அனுப்பினா. அந்த மனுஷன் கேட்டுட்டு அழுதேன்னு எழுதினார். உலகத்துலயே அந்த ஒண்ணுதானாம், அதுவும் கருங்குன்னியிலயாம். அன்னிக்கு நான் தரையில நடக்கல சார். சர்ச்சுல, டீக்கடையில, ரேஷன் கடையில, பார்த்த ஆளையெல்லாம் நிறுத்திச் சொன்னேன்.

ரிக்கார்டு வந்துச்சு. உறை மேல நாரை படம். பின்னாடி பொடி எழுத்துல என் பேரு. ஞானையா, கருங்குன்னி எஸ்டேட், ஆனைமலை, தென்னிந்தியா. லண்டன்ல அச்சடிச்சது. நான் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு மறுபடியும் படிச்சேன். அப்புறம் அதுக்குக் கீழ இருந்ததைப் படிச்சேன்.

"பதிவு செய்யப்பட்ட இடத்தில் மின்சாரம் பலவீனமாக இருந்ததால் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. பாடல்களை அவற்றின் சரியான வேகத்துக்குத் திருத்தியிருக்கிறோம்."

படிச்சதும் உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரிஞ்சுது. பலவீனமாம். எதைப் பார்த்துச் சொல்றான்? அவன் வந்து என் மீட்டரைப் பார்த்தானா? ஜெமி சமாதானம் சொன்னா. பதியறப்போ நாடா மெதுவா ஓடினா, நல்ல கரண்ட்ல திருப்பிப் போடறப்போ பாட்டு வேகமா வரும்ப்பா, சாயங்காலம் எல்லாரும் லைட் போட்டதும் உங்க மெஷினுக்குச் சுமை ஏறி அது தளர்ந்திருக்கும்ப்பான்னா. படிச்ச பொண்ணு, பெத்த அப்பன்கிட்ட பேசற பேச்சா இது? என் மெஷின் தளர்ந்துச்சாம்.

அந்த முதல் தட்டை வீட்டுல போட்டுக் கேட்டப்போ நடந்ததைச் சொல்லணும். ஜெமி ஒரு பிளேயர் வாங்கிட்டு வந்திருந்தா, சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கறது. பியூலா அவரைக்காய் ஆஞ்சுட்டு இருந்தா. முதல் ரெண்டு பாட்டும் இழுத்துக்கிட்டே போச்சு. மூணாவது பாட்டு ஆரம்பிச்சுது. என் கும்மிப் பாட்டு சார். அதைப் போய் சாவு வீட்டுப் பாட்டு மாதிரி பண்ணி வச்சிருக்கான். நான் எழுந்து நின்னு கத்த ஆரம்பிச்சேன். கெடுத்துட்டான், குட்டிச்சுவராக்கிட்டான்னு. திரும்பிப் பார்த்தா பியூலா கையில இருந்த அவரைக்காய் அப்படியே நிக்குது. வாய் மட்டும் அசையுது. அந்த ஆளு மூச்சு விடற இடத்துல மூச்சு விட்டு, நிறுத்தற இடத்துல நிறுத்தி, கூடவே பாடறா. கண்ணுல தண்ணி வழியுது. முடிஞ்சதும், "இதுதான் அத்தான். அன்னிக்குக் கேட்டது இதுதான்"ன்னா.

எனக்கு ஆத்திரம் ரெண்டு பங்காச்சு. ஒரு வெள்ளைக்காரன் என் மெஷினைக் குறை சொல்றான், கட்டின பொண்டாட்டி ஆமாங்கறா.

ஊர்ல வேற தலை காட்ட முடியல. மரியசூசைன்னு என்கூட வேலை பார்த்த ஃபிட்டர், தினமும் டீக்கடையில உட்கார்ந்திருப்பான். நான்தானே உறையைக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினேன்? அவன் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிட்டான். என்ன ஞானையா, உன் கரண்ட் லட்சணம் லண்டன் வரைக்கும் தெரிஞ்சு போச்சான்னு கேட்டுட்டுச் சிரிக்கிறான். கடை முழுக்கச் சிரிக்குது. எப்பவோ அவன் பொண்ணு கல்யாணத்துல குழல் விளக்கு எரியலைன்னு என் மேல கோபம் அவனுக்கு. விளக்கு சரியில்ல, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்.

ஜெமியை உட்கார வச்சு ஹார்லண்டுக்கு எழுதச் சொன்னேன். அந்த வரியை எடு, பாட்டைப் பழைய வேகத்துக்கே மாத்துன்னு. மரியாதையாத்தான் பதில் போட்டார். டேப்புல பாட்டுக்கு அடியில ம்ம்னு ஒரு முனகல் கேக்குதாம், அது எங்க கரண்டோட சத்தமாம், அதை அளந்துதான் வேகத்தைக் கண்டுபிடிச்சாராம். ஆனாலும், முதல்ல அடிச்சதெல்லாம் வித்துப் போச்சு, ரெண்டாவது தடவை அச்சடிக்கப் போறோம், அந்த ஒலிபரப்பை நேரா ரேடியோவுல கேட்டவங்க யாராவது, பாட்டு அந்த வேகத்துலதான் இருந்ததுன்னு சொன்னா, வரியை எடுத்துடறேன், பாட்டையும் மாத்திடறேன்னார். டேப்பைக் கேட்டவங்க கணக்குல சேர்த்தி இல்ல, ரேடியோவைக் கேட்டவங்க வேணும்னார்.

யாரு கேட்டா? நான் கேக்கல, டர்பைன்கிட்ட இருந்தேன். கேட்டது அவ ஒருத்திதான். பார்த்தீங்களா என் நிலைமையை. வாழ்நாள் பூரா நான் ஓட்டின மெஷினோட மானம், அவ ஒரு வார்த்தையில நிக்குது.

கேட்டேன் சார். கெஞ்சல, கேட்டேன். வேகமாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு பியூலான்னேன். முடியாதுன்னுட்டா. "வேற எதை வேணா சொல்றேன். அந்தப் பாட்டைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன் அத்தான்." அவ்வளவுதான். அவ சமைச்சா, நான் சாப்பிட்டேன், ஆனா நல்லா இருக்குன்னு ஒரு நாளும் சொல்லல. என் கோபம் அவ்வளவு பொல்லாதது. நடுவுல ஒரு நாள் மீன் குழம்பு வச்சிருந்தா. அன்னிக்கு ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

இருங்க, பஸ்ஸு எதுக்கு நிக்குது? குரங்குக் கூட்டமா. போகட்டும் போகட்டும், அதுங்க மலை. நம்மளை மாதிரி அதுங்களுக்கு அவசரம் கிடையாது.

எங்க விட்டேன்? ஆமா. அப்புறம் ஹார்லண்ட் ஃபோன்ல முகம் பார்த்துப் பேசணும்னார். ஜெமி வந்து ஃபோனை மேஜை மேல நிறுத்தி வச்சா. பியூலா நல்ல புடவை கட்டிட்டு வந்து உட்கார்ந்தா. நான் பின்னாடி நாற்காலியில. அவ இங்கிலீஷ்ல பேசினா, ஜெமி எனக்காகத் தமிழ்ல சொல்லிட்டே வந்தா. முதல்ல, பாட்டு மெதுவானதுதான், நீங்க ரிக்கார்டுல போட்டிருக்கற வேகம் சரின்னு சொல்லிட்டா. எழுந்து வெளிய போயிடலாம்னு செருப்பைத் தேடறேன். அப்பத்தான் அவ குரலைக் கொஞ்சம் கனைச்சுட்டு அடுத்ததைச் சொன்னா.

"ஆனா கரண்டைப் பத்தி நீங்க எழுதினது தப்பு. என் வீட்டுக்காரர் கொடுத்த கரண்ட்ல ஒரு குறையும் இல்ல. பல்பெல்லாம் பளிச்சுன்னு எரியும். தப்பு என்னோடது. நான் அப்பப் புதுசு, மெஷின் பழக்கமில்ல. பதியறப்போ சக்கரத்து மேல விரலை வச்சுட்டே இருந்துட்டேன்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. விரலை வச்சுட்டே இருந்தாளாம் சார். நாலு பாட்டும் முடியற வரைக்கும். பின்ன நாடா மெதுவா ஓடாம என்ன பண்ணும்? இத்தனை வருஷமா வாயைத் திறக்கல பாருங்க. ஹார்லண்ட் அவளைப் பார்த்தார், பின்னாடி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். அப்புறம், புரியுது மேடம், எனக்கு நல்லாப் புரியுது, நிச்சயமா விரல்தான் காரணம்னார். என்ன இருந்தாலும் விஷயம் தெரிஞ்ச ஆளு. ஜெமிக்கு மட்டும் ஏனோ இருமல் வந்துடுச்சு, முந்தானையை வாயில வச்சுட்டு உள்ள போயிட்டா.

நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சுக்கல சார். மன்னிச்சுட்டேன். போகட்டும் பியூலா, சின்னப் பொண்ணா இருந்தே, தெரியாமப் பண்ணினதுதானேன்னு தட்டிக் கொடுத்தேன். அவளும் தலையைக் குனிஞ்சுட்டு ஆமா அத்தான்னா. அன்னிக்குக் குழம்பு நல்லா இருக்குன்னு சொன்னேன்.

இப்ப என் மடியில இருக்கறது அந்த ரெண்டாவது அச்சு. என் பேரு இல்ல, எடுத்துட்டார். "திருமதி பியூலா ஞானையா தம் கையால் பதிந்தது. அவர் விரல் சக்கரத்தின் மேல் இருந்தது. மின்சாரம்: கருங்குன்னி பவர் ஹவுஸ், குறையில்லாதது." பார்த்தீங்களா, குறையில்லாததுன்னு அச்சுல இருக்கு. மரியசூசை மூக்குக்கு நேரா நீட்டிப் படிச்சுக் காட்டினேன். அவன் எவ்வளவு நேரம் சிரிச்சான் தெரியுமா, டீ புரையேறிப் போச்சு. தோத்தவன் சிரிப்பு அப்படித்தான் இருக்கும். ஆனா ஒரு அதிசயம் பாருங்க, ரிக்கார்டு வாங்கினவங்கல்லாம் அந்த விரலைப் பத்தியே கேக்கறாங்களாம். எந்த விரலுன்னு ஜப்பான்லேர்ந்து ஒருத்தர் கேட்டு எழுதியிருக்கார். கோயம்புத்தூர் சங்கத்துக்காரங்களும் அம்மா அவசியம் வரணும்னு காரே அனுப்பறோம்னாங்க. பஸ்ஸுதான் சரின்னு நான்தான் சொன்னேன். பண்ணினது தப்பு, அதுக்கு இவ்வளவு மரியாதை. உலகம் அப்படி ஆயிடுச்சு.

புதுத் தட்டு தபால்ல வந்த அன்னிக்குச் சாயங்காலம் நடந்ததையும் சொல்லிடறேன், ஆழியாறு வந்துடப் போகுது. நான் முதல் வேலையா அதை எடுத்துட்டு டீக்கடைக்குக் கிளம்பினேன். குடையைக் கூட விரிச்சுட்டேன். பியூலா தட்டைக் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டா. மரியசூசை எங்கயும் ஓடிட மாட்டான், காலையில காட்டிக்கலாம், இப்ப உட்காருங்கன்னா. அவ அப்படிச் சொல்ற ஆள் இல்ல. உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு, ரெண்டாவது பாட்டு போச்சு. மூணாவது வந்தப்போ, அவ வரி வரியா எனக்குத் தமிழ்ல சொல்லிட்டே வந்தா. கலங்கரை விளக்குல வேலை பார்க்கிறவன் ஒருத்தன் இருக்கான். அவன் சம்சாரம் பாடற மாதிரி பாட்டு. நீ கடல்ல போற கப்பலுக்கெல்லாம் வெளிச்சம் காட்டறே, நான் இங்க இருட்டுல உட்கார்ந்து உன் விளக்கைப் பார்த்துட்டு இருக்கேன், அது சுத்தி ஒரு தடவை இந்தப் பக்கம் வர்றப்போ என் பேரைச் சொல்லிட்டுப் போன்னு கேக்கறா. அவ்வளவுதான் பாட்டு. அதுக்கா சார் நாங்க அத்தனை வருஷம் கும்மி அடிச்சோம்?

எனக்கு அந்தாளு மேல பரிதாபமாப் போச்சு. டியூட்டியில இருக்கறவன் என்ன பண்ணுவான் பியூலா, விளக்கை விட்டுட்டு வர முடியுமான்னு கேட்டேன். பாட்டு ஓடிட்டு இருக்கறப்போவே அவ சிரிக்க ஆரம்பிச்சுட்டா. அடக்க முடியாத சிரிப்பு. எனக்கும் ஏன்னு தெரியாமலே சிரிப்பு வந்துச்சு. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா.

"முடியாதுதான் அத்தான். எனக்குத் தெரியாதா? அதனாலதானே பதிஞ்சு வச்சேன். நீங்க வந்ததும் கேப்பீங்கன்னு."

அந்தப் பாட்டை எத்தனையோ தடவை போட்டிருக்கேன். ஊருக்கே போட்டிருக்கேன். ஆனா அவ இதைப் பதிஞ்சது எனக்குன்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டுட்டேன் பியூலா, இப்பக் கேட்டுட்டேன்னு மட்டும் சொன்னேன். அதுக்குள்ள பாட்டு முடிஞ்சு நாலாவது ஆரம்பிச்சுடுச்சு. எழுந்திருக்கப் போனவளைக் கையைப் பிடிச்சு உட்கார வச்சுட்டு, நானே போய் முள்ளைத் தூக்கி மூணாவது பாட்டோட ஆரம்பத்துல வச்சுட்டு வந்து, அவ பக்கத்துல உட்கார்ந்தேன்.